பிபி பார்க்கும் முன் ஒரு நாற்காலி போடுங்கள்!

போடியில் இருக்கும் என் சித்திக்கு ஏலத்தோட்ட வேலை. வாரத்தில் ஆறு நாள் விடியும் முன்பே ஜீப் ஏறிவிடுவார். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, இடுக்கிப் பக்கம் உள்ள தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரம் வீடு திரும்புவார். போன வருடம் ஒரு நாள், கூலியை விட்டுவிட்டு பிபி பார்க்கப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கி வேக வேகமாக நடந்து, ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, முறை வந்ததும் நின்றபடியே கையை நீட்டினார். ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். "என்னம்மா, மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெஷின் எண்ணைக் காட்டிவிட்டது. 172/100.

மாத்திரையின் அளவு இரண்டு மடங்கானது. அடுத்த வாரம் சரிவில் நின்று வேலை பார்க்கும்போது கண் இருட்டிக்கொண்டு வர, ஏலச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தலை கிறுகிறுன்னு வந்துருச்சுப்பா. அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்று போனில் சொன்னார். அதோடு எல்லா மாத்திரையையும் நிறுத்தியும்விட்டார். ஒரு மாதம் கழித்து நான் ஊருக்குப் போனபோதுதான் எனக்கு இது தெரிந்தது.

அந்த மருத்துவமனையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்று அங்கே இருந்தது ஒரே ஒரு நர்ஸ், எதிரே நீண்ட வரிசை. தமிழ்நாட்டில் பெரிய மருத்துவமனை, சின்ன கிளினிக், தனியார், அரசு என்று வித்தியாசமில்லாமல் பல இடங்களில் பிபி இப்படித்தான் பார்க்கப்படுகிறது. நம் கம்பெனி ஹெல்த் செக்-அப் நாளிலும் இதே கதைதான். ஆனால் அந்த ஒரு எண்ணை நம்பித்தான் ஆயுள் முழுக்கப் போடும் மாத்திரை முடிவாகிறது. அதைப் பார்க்கும் விதத்தை மாற்றியே ஆக வேண்டும் என்பதுதான் என் வாதம். அதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

எண் எப்படி ஏமாற்றுகிறது?

ரத்த அழுத்தம் நம் உயரத்தைப் போல நிலையான ஒன்று அல்ல. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அது மாறும். நடந்தால் ஏறும், பேசினால் ஏறும், பயந்தால் ஏறும், சிறுநீரை அடக்கினாலும் ஏறும். டீ, காபி, பீடி, புகையிலை போட்ட வெற்றிலை எதுவாக இருந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு அதை ஏற்றிவிடும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அப்போதும் அழுத்தம் கூடும். போடியின் வெயிலில் பார்த்த எண்ணும் போடிமெட்டின் பனியில் பார்த்த எண்ணும் ஒரே ஆளுக்கே வேறு வேறாக இருக்கலாம்.

அதனால்தான் 'ஓய்வில் இருக்கும்போது உள்ள அழுத்தம்' என்று ஒரு பொது அளவுகோலை மருத்துவ உலகம் வைத்திருக்கிறது. 140/90 என்ற எல்லைக்கோடே ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த ஒருவருக்காகப் போடப்பட்டதுதான். மூச்சு வாங்க வந்து நிற்பவரை அந்தக் கோட்டோடு ஒப்பிட்டால் கணக்கு சரியாக வராது.

கை இருக்கும் இடமும் முக்கியம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே ஆட்களுக்கு மூன்று விதமாக பிபி பார்த்தார்கள். மேசை மேல் கையை வைத்துப் பார்த்ததோடு ஒப்பிட்டால், கையை மடியில் வைத்தபோது மேல் எண் சராசரியாக 3.9 புள்ளியும், கையைத் தொங்கவிட்டபோது 6.5 புள்ளியும் அதிகமாகக் காட்டியது. கை இதயத்தின் மட்டத்துக்குக் கீழே இறங்கினால், இடைப்பட்ட ரத்தத்தின் எடையும் அந்த எண்ணில் சேர்ந்துகொள்ளும். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே போகப் போக குழாயில் வேகம் கூடுவது போலத்தான் இதுவும்.

பட்டையின் அளவு இன்னும் பெரிய விஷயம். 2023-இல் வந்த இன்னொரு ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருமனான கைகளுக்குச் சாதாரண பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 19.5 புள்ளி கூடுதலாகக் காட்டியது. அப்படிப்பட்ட ஒருவருக்கு உண்மையில் 125 இருந்தால், சீட்டில் 144 என்று விழும். பிபியே இல்லாதவர் பிபி நோயாளி ஆகிவிடுவார்.

'ஆறு புள்ளியெல்லாம் ஒரு விஷயமா?' என்று தோன்றலாம். லட்சக்கணக்கானோரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, மேல் எண்ணை 5 புள்ளி குறைத்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் சுமார் 10 சதவீதம் குறைகின்றன என்று சொல்கிறது. அந்த அளவு பலனுக்காகத்தான் மாத்திரையே கொடுக்கிறோம். கையைத் தொங்கவிட்டுப் பார்ப்பதில் வரும் தவறு அதைவிடப் பெரியதாக இருக்கிறது.

குறைத்துக் காட்டும் ஆபத்தும் உண்டு

தவறு ஏற்றத்தில் மட்டும் நடப்பதில்லை. பழைய பிபி சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். 120/80, 130/80, 140/90 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களாகவே இருக்கும். டிஜிட்டல் மெஷின் 137 என்று காட்டலாம், 143 என்றும் காட்டலாம். எப்போதும் பூஜ்யத்திலேயே நிற்காது. கண்ணால் பார்த்து முழு எண்ணாக்குவது உலகம் முழுக்க உள்ள பழக்கம்தான். ஆனால் 146-ஐ 140 என்றோ, 142-ஐ 130 என்றோ எழுதும்போது, மருந்து தேவைப்படும் ஒருவரை 'நார்மல்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் இதன் விலை அதிகம். 2020-இல் மாநில அரசு நடத்திய ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. மூன்றில் ஒருவருக்கு பிபி. அப்படி இருப்பவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் கட்டுப்பாடு. அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் இது சுமார் 17 சதவீதமாக உயர்ந்தது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் மீதி 83 பேர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள்.

அந்த ஐந்து நிமிடம் வரிசையிலேயே இருக்கிறது

"கூட்டத்தில ஒவ்வொருத்தரையும் அஞ்சு நிமிஷம் உட்கார வச்சா, ஓபி எப்போ முடியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ஆனால் யோசித்துப் பாருங்கள். என் சித்தி அன்று ஒரு மணி நேரம் வரிசையில் நின்றார். ஐந்து நிமிட ஓய்வுக்கு நர்ஸின் நேரம் தேவையில்லை, நோயாளியின் நேரம்தான் தேவை. அதை அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். இல்லாமல் போனது ஒரு நாற்காலிதான். வரிசையின் கடைசிப் பத்து பேருக்கு முதுகு சாயும்படி பெஞ்ச் போட்டு, 'இங்கே உட்காருங்கள், பேச வேண்டாம்' என்று சுவரில் எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஒருவர் எழுந்து போனதும் அடுத்தவர் நகர்ந்து உட்காருவார். மெஷின் முன்னால் வரும்போது ஓய்வும் முடிந்திருக்கும்.

'இரண்டு முறை பார்க்க வேண்டும்' என்ற விதிக்கும் வழி இருக்கிறது. சர்வதேச உயர் ரத்த அழுத்த சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முதல் அளவே 130/85-க்குக் கீழே இருந்தால் அதோடு விட்டுவிடலாம். அதற்கு மேல் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு நிமிடம் விட்டுத் திரும்பப் பார்த்தால் போதும். எல்லோருக்கும் இரண்டு முறை பார்ப்பதைவிட இதில் நேரம் மிச்சமாகும்.

சரியாகப் பார்ப்பது எப்படி?

மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் விதிகள் ஒன்றுதான்:

• பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி, பீடி, சிகரெட், புகையிலை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள்.

• முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட உட்காருங்கள். கால் மேல் கால் போடக் கூடாது. ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். அந்த நேரத்தில் போனையும் நோண்ட வேண்டாம்.

• பட்டை வெறும் தோலில் படவேண்டும். சட்டை, ஜாக்கெட் கை மேல் சுற்றக் கூடாது. உள்ளே காற்று நிரம்பும் பகுதி, கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது மூட வேண்டும்.

• கை மேசை மேல், இதய மட்டத்தில் இருக்கட்டும். நீங்களாகத் தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

• மெஷின் ஓடும்போது யாரும் பேசக் கூடாது. நர்ஸும்தான்.

• முதல் தடவை இரண்டு கையிலும் பார்க்க வேண்டும். எதில் அதிகமோ, அடுத்தடுத்து அந்தக் கையில் பார்க்க வேண்டும்.

• காட்டும் எண்ணை அப்படியே எழுதுங்கள். முழு எண்ணாக்க வேண்டாம்.

வீட்டுக்கு மெஷின் வாங்குவதாக இருந்தால் மேல் கையில் கட்டும் வகையை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவதில் தவறு வர வாய்ப்பு அதிகம். கேமராவில் விரலை வைத்தால் பிபி சொல்கிறேன் என்னும் ஆப்களை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். வீட்டில் பார்க்கும்போது எல்லைக்கோடு 140/90 அல்ல, 135/85. மருத்துவமனையின் பதற்றம் வீட்டில் இல்லை என்பதால் இந்த வித்தியாசம்.

எண் வந்த பிறகு?

ஒரே ஒரு நாள் 150 காட்டியதால் ஒருவர் பிபி நோயாளி ஆகிவிட மாட்டார். வேறு ஒரு நாளும் பார்த்து, அப்போதும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பொதுவாக உறுதி செய்வார்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பிபி ஏறுகிறவர்களும் உண்டு, மருத்துவமனையில் நார்மலாகக் காட்டி வீட்டில் ஏறுகிறவர்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்துக் குறிப்பது நல்ல வழி.

180/120-க்கு மேல் போனால் என்ன செய்வது? நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், கடும் தலைவலி இவற்றில் ஏதாவது இருந்தால் அது அவசர நிலை. உடனே 108. எதுவும் இல்லையென்றால் உட்கார வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் பார்த்து, சீக்கிரமே டாக்டரிடம் போக வேண்டும். நாக்குக்கு அடியில் நிபெடிபின் கேப்சூல் வைத்து எண்ணைச் சட்டென்று இறக்கும் பழைய பழக்கம் ஆபத்தானது. அழுத்தம் திடீரென்று சரிந்தால், மூளைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தம் குறைந்துவிடும்.

வழக்கமான சிகிச்சைக்கு மலிவான, நன்கு சோதிக்கப்பட்ட மாத்திரைகள் இருக்கின்றன. அம்லோடிபின், டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் ஆகியவை பலருக்கும் தெரிந்த பெயர்கள். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு டெல்மிசார்டன் கூடாது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்று மருந்து உண்டு. தானாக நிறுத்துவதுதான் தவறு. பிபி மாத்திரை காய்ச்சல் மாத்திரை மாதிரி அல்ல. எண் நார்மலாக இருப்பதே மாத்திரை போடுவதால்தான்.

மலைக்கு ஏறாத மாத்திரை

இனி போடிக்கே வருவோம். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிபியும் சுகரும் பார்த்து, மாத்திரையும் தருகிறார்கள். 2024-இல் ஐ.நா. விருதும் இதற்குக் கிடைத்தது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அவர்கள் வரும் பகல் நேரத்தில் தோட்டத் தொழிலாளி வீட்டில் இருப்பதில்லை. ஜீப் கிளம்பும்போது தெருவில் யாரும் எழுந்திருக்கவில்லை, திரும்பும்போது ஓபி மூடியாகிவிட்டது. வேலை செய்யும் இடம் தேடிப் போகும் திட்டமும் 2024-இல் வந்தது. ஆனால் சித்தி வேலை செய்யும் தோட்டம் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மலை ஒன்றுதான், நிர்வாகம் இரண்டு.

இந்த இடைவெளியில்தான் மாத்திரை நின்றுபோகிறது. இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2017-இல் தொடங்கியபோது அடிப்படையாக வைத்தவை எளிய விஷயங்கள்: எல்லோருக்கும் ஒரே மருந்து வரிசை, தட்டுப்பாடு இல்லாத இருப்பு, டாக்டரோடு நர்ஸும் களப்பணியாளரும் சேர்ந்த குழு, நோயாளிக்கு வசதியான இடத்தில் மருந்து, வராதவரைக் கண்டுபிடிக்கும் பதிவேடு. இதில் 'நோயாளிக்கு வசதியான இடம்' என்றால் ஏலமலைக்கு அது என்ன? ஜீப் நிறுத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை காலைதான்.

சிகிச்சையைக் கெடுக்கும் இன்னொன்றும் இங்கே உண்டு. நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்தால் இடுப்பு வலிக்காமல் இருக்குமா? "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுவது சகஜம். அந்த செட்டில் பெரும்பாலும் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை இருக்கும். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிபியை ஏற்றும், பிபி மாத்திரையின் வேலையைக் குறைக்கும், நாளடைவில் கிட்னியையும் கெடுக்கும். ஆகவே பிபி சீட்டு எழுதும்போது "வலிக்கு ஏதாச்சும் போடுறீங்களாம்மா?" என்ற ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும்.

உப்பு விஷயமும் அப்படியே. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூக்குவாளியில் கஞ்சியும் ஊறுகாயும், ராத்திரிக்குக் கருவாடும் என்றால் அது தாண்டிவிடும். "உப்பைக் குறைங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் குறைப்பதில்லை. "ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் கடிச்சுக்கங்க" என்று சொன்னால் கேட்பார்கள்.

இதெல்லாம் தவறினால் என்ன ஆகும்? மலைமேல் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். தோட்டத்து மண்பாதையில் ஜீப் வர வேண்டும், 17 வளைவுகள் இறங்க வேண்டும், போடியைத் தாண்டி, தேனியையும் தாண்டி, க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போக வேண்டும். சென்னையில் இருப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் இவர்களுக்குக் கிடையாது. அதனால்தான் இங்கே முன்கூட்டியே கட்டுப்படுத்துவது இன்னும் முக்கியம்.

என்ன செய்யலாம்?

மருத்துவமனைகள் செய்ய வேண்டியது: பிபி பார்க்கும் இடத்துக்கு முன்னால் பெஞ்ச், கை வைக்க மேசை, மூன்று அளவில் பட்டைகள், வருடா வருடம் மெஷின் சோதனை. அரசு செய்ய வேண்டியது: போடி போன்ற ஊர்களில் மாலை நேர, ஞாயிறு பிபி கிளினிக்குகள், தோட்டத் தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் சேர்த்து மாத்திரை, தமிழ்நாடும் கேரளமும் ஏற்றுக்கொள்ளும் ஒரே சிகிச்சை அட்டை. எல்லைக்கு எந்தப் பக்கம் மாத்திரை தீர்ந்தாலும் அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ளும் நிலை வர வேண்டும்.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஊரில் இருக்கும் அம்மா, அப்பா, சித்தி, மாமாவிடம் "பிபி எவ்வளவு?" என்று கேட்கிறோம். கூடவே "உட்கார வச்சுப் பாத்தாங்களா?" என்றும் கேளுங்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு மெஷினும் நோட்டும் வாங்கிப் போங்கள். உங்கள் பிபியையும் அதிலேயே பாருங்கள். முப்பது வயதில் நமக்கு வராது என்று நினைப்பவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் தெரியாமலே இருக்கிறது.

சித்திக்கு நான் அதைத்தான் செய்தேன். ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து பார்த்ததில், மாத்திரை இல்லாமல் 150-ஐ ஒட்டியே இருந்தது. ஆக அவருக்கு பிபி இருப்பது உண்மை. இரண்டு மடங்கு மருந்து தேவை என்பதுதான் உண்மையில்லை. நோட்டைப் பார்த்த டாக்டர் பழைய அளவிலேயே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார், வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். இப்போது 130-ஐ ஒட்டி இருக்கிறது. போன வாரம் போனில், "வரிசையில நிக்கும்போதே ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துட்டேன்" என்றார். கேட்காமலே கிடைத்திருக்க வேண்டிய ஸ்டூல் அது.